ஜபமாலை ரிவ்யூ: பலம் மணியில இல்ல, ஆனாலும் நல்ல மாலை வேணும்

இந்த ரிவ்யூ மாலைய அழகுக்கு கழுத்துல போட்டுக்கறவங்களுக்கு இல்ல, தினமும் கையில வச்சு உருட்டறவங்களுக்கு, இல்லைன்னா உடம்பு சரியில்லாம கிடந்து "சாமி பேர சொல்லலாம்னு உக்காந்தா மனசு நிக்கவே மாட்டேங்குது"ன்னு புலம்பறவங்களுக்கு. மர மாலை, ருத்ராட்சம், ஸ்படிகம், மணியே இல்லாம நூல் முடிச்சு மட்டும் போட்டது, அப்புறம் விரல்ல மாட்டிக்கற டிஜிட்டல் கவுன்ட்டர், இது எல்லாத்தையும் நான் நாள்கணக்கா உபயோகிச்சு பாத்தாச்சு. படிக்க நேரமில்லாதவங்களுக்கு சுருக்கமா சொன்னா, மணிக்கு மணி முடிச்சு போட்ட 8 மி.மீ. மர மாலை வாங்குங்க, போதும். ஏன்னு தெரிஞ்சுக்கணும்னா மேல படிங்க.

நான் இதுக்குள்ள வந்தது ஒரு பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம். தையல் ஆறிடுச்சு, ரிப்போர்ட் எல்லாம் நார்மல், டாக்டர் நடக்க சொன்னாரு நடந்தேன், மாத்திரை குடுத்தாரு போட்டேன், எல்லாம் அதது வேலைய ஒழுங்கா செஞ்சுது. ஆனா உள்ள உக்காந்திருந்த பயம் மட்டும் போகல. ராத்திரி முழிப்பு வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும், மறுபடி ஏதாவது வந்துடுமோ, யார் பாத்துப்பாங்கன்னு ஒரே யோசனை, விடியற வரைக்கும் அதே தான். அந்த பயத்துக்கு எந்த எக்சர்சைஸும் பதில் சொல்லல. பதில் சொன்னது நாமஜபம். "நீ பாத்துக்கோ"ன்னு மேல இருக்கறவன் கையில விட்டுட்டு அவன் பேர சொல்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தான் எனக்குள்ள ஒரு தெம்பு வந்துச்சு, அந்த தெம்பு வந்தப்புறம் தான் தூக்கம் வந்துச்சு, பசி வந்துச்சு, டாக்டர் சொன்ன நடைய கூட ஆசையா நடந்தேன். வரிசைய கவனிங்க, மனசு முன்னாடி எழுந்திருச்சுது, உடம்பு பின்னாடி வந்துச்சு.

சரி, பேர சொல்றதுக்கு மாலை எதுக்குன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா உலகத்துல இவ்வளவு வித்தியாசமான மதங்கள் எல்லாம் இந்த ஒரு பொருள்ல மட்டும் ஒத்துப்போறத பாருங்க. இந்துக்களும் பௌத்தர்களும் வச்சிருக்கறது 108 மணி, கூட மாலை எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு காட்டற ஒரு மேரு மணி. கத்தோலிக்க ஜெபமாலையில 59. முஸ்லிம்களோட தஸ்பீஹ் மணி 99, சின்னதுன்னா 33. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க மணிக்கு பதிலா கம்பளி நூல்ல முடிச்சு போட்டு வச்சிருப்பாங்க, 33, 50, 100ன்னு முடிச்சு இருக்கும். இவ்வளவு பேரும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்களோ ஒருத்தர பாத்து ஒருத்தர் எடுத்தாங்களோ, காரணம் ஒண்ணு தான், எண்ணிக்கைய விரல் பாத்துக்கிட்டா மனசு எண்ண வேண்டியதில்ல, அது சாமிகிட்ட போகலாம். உடம்பு முடியாதப்ப இது ரொம்ப பெரிய உதவி, ஏன்னா வலி இருக்கறப்ப ஒரு பெரிய பிரார்த்தனைய முழுசா சொல்ற சக்தி இருக்காது, ஒரு மணி ஒரு பேர், அவ்வளவு தான் முடியும், அதுவே போதும்.

மூச்சு விஷயமும் இருக்கு. 2001-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இத்தாலி டாக்டர்கள் ஒரு ஆய்வு போட்டாங்க. ஆரோக்கியமா இருக்கற 23 பேர ஜெபமாலை ஜெபத்த லத்தீன்ல சொல்ல வச்சாங்க, "ஓம் மணி பத்மே ஹூம்"ங்கற பௌத்த மந்திரத்தையும் சொல்ல வச்சாங்க. ரெண்டுலயும் மூச்சு தானா நிமிஷத்துக்கு சுமார் 6 தடவைக்கு இறங்கிடுச்சு, ரத்த அழுத்தம் ஏறி இறங்கறப்ப அத சமாளிச்சு இதயத்துடிப்ப சரிபண்ற அந்த இயற்கையான அமைப்பும் நல்லா வேலை செஞ்சுதுன்னு பதிவு பண்ணாங்க. யாரும் அவங்கள "மெதுவா மூச்சு விடு"ன்னு சொல்லல, ஜெபத்தோட நீளமே மூச்ச இழுத்துட்டு போயிடுச்சு. சின்ன ஆய்வு தான், அத வச்சு நோய் குணமாகும்னு சொல்ல வரல. ஆனா கணக்கு போட்டு பாருங்க, ஒரு மூச்சுக்கு ஒரு மணின்னு 6 மூச்சு வேகத்துல போனா 108 முடிய 18 நிமிஷம் ஆகும். என் அனுபவத்துல படபடப்பு அடங்க கிட்டத்தட்ட அந்த நேரம் தான் எடுக்குது. ரயில் புடிக்கற மாதிரி கடகடன்னு உருட்டி முடிச்சா எண்ணிக்கை வரும், அமைதி வராது.

இப்ப பொருளுக்கு வருவோம். மரம் தான் முதல் மார்க். கையில எடுத்த உடனே சூடும் இல்ல குளிரும் இல்ல, கனமும் இல்ல, படுத்துக்கிட்டே நெஞ்சு மேல வச்சு உருட்டலாம், கீழ விழுந்தா உடையாது. புதுசுல கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், விரல் எண்ணெய் பட்டு பட்டு ஒரு வழவழப்பு வரும் பாருங்க, அது எந்த பாலிஷுக்கும் வராது. தண்ணியில மட்டும் ஊற வைக்காதீங்க, மரம் உப்பி வெடிச்சிடும். அடர் கலர் மரமா இருந்தா வெள்ளத்துணிய ஈரம் பண்ணி ஒரு தடவ துடைச்சு பாருங்க, சாயம் நிறைய இறங்கினா அது வெறும் பெயிண்டா இருக்கலாம்.

ருத்ராட்சம் எனக்கு ரெண்டாவது. அந்த மேடு பள்ளம் விரலுக்கு நல்லா தெரியும், தூக்கக் கலக்கத்துல கூட எந்த மணியில இருக்கோம்னு தவறாது. ஆனா அந்த பள்ளத்துல அழுக்கு சேரும், மெல்லிசான பிரஷ் வச்சு துடைக்கணும். தண்ணியில போட்டா அசல் முழுகும் போலி மிதக்கும்னு சொல்றத நம்பாதீங்க, காஞ்ச அசல் கொட்டையும் மிதக்கும், ஈயம் அடைச்ச போலியும் முழுகும். ஸ்படிகம் பாக்க அழகு, தொட்டா சில்லுன்னு இருக்கும், துடைச்சு சுத்தம் பண்றதும் ஈஸி, ஆனா கனம் ஜாஸ்தி, பலவீனமா இருக்கறவங்களுக்கு மணிக்கட்டு வலிக்கும், தரையில விழுந்தா போச்சு. ஸ்படிகம்னு சொல்லி கண்ணாடிய வித்துடறாங்க, உள்ள குட்டி குட்டியா காத்துக்குமிழி தெரிஞ்சா அது கண்ணாடி தான்.

எல்லாரும் மணிய பாத்து வாங்கறாங்க, உண்மையில பாக்க வேண்டியது நூல. எலாஸ்டிக்ல கோத்தது வேண்டவே வேண்டாம், இழுத்து இழுத்து தளந்துடும், ஒரு நாள் பட்டுன்னு அறுந்து மணி எல்லாம் கட்டிலுக்கு அடியில ஓடும். பருத்தி நூல் கைக்கு இதமா இருக்கும், ஆனா மேரு பக்கத்துல தான் முதல்ல நையும், அங்க பஞ்சு பஞ்சா பிரிஞ்சா உடனே மாத்தி கோத்துக்குங்க. மணிக்கு மணி முடிச்சு இருந்தா அறுந்தாலும் ஒரு மணியோட நின்னுடும். இன்னொரு விஷயம், முடிச்சுக்கும் மணிக்கும் நடுவுல துளி இடம் இருக்கணும், அப்ப தான் கட்டைவிரல் தள்ளறப்ப மணி லேசா நகந்து "அடுத்தது"ன்னு சொல்லும். இறுக்கி கட்டின மாலைய உருட்டவே முடியாது, கை தான் வலிக்கும். நல்ல மாலைக்கு என்னோட ஒரே அளவுகோல், கையில இருக்கறதே மறந்து போகணும்.

டிஜிட்டல் கவுன்ட்டர் எனக்கு ஒத்து வரல. பஸ்ல, வெய்ட்டிங் ஹால்ல சௌகரியம் தான், யாருக்கும் தெரியாது. ஆனா அந்த நம்பர் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கறதால "இன்னும் எவ்வளவு"ங்கற நினைப்பு வந்துடுது, பேர் சொல்றது போயி டார்கெட் முடிக்கறதா ஆயிடுது. முதுமையில விரல் மடங்காதவங்களுக்கு மட்டும் இத சிபாரிசு பண்ணுவேன், அவங்களுக்கும் முதல்ல 10 இல்ல 12 மி.மீ. பெரிய மணியா ஒரு மாலை குடுத்து பாருங்க.

இப்ப எனக்கு நிஜமாவே கோபம் வர விஷயம். நான் ஆன்லைன்ல வாங்கின ஒரு மாலையோட டப்பாக்குள்ள ஒரு அட்டை இருந்துச்சு, இத போட்டா பிபி குறையும், சுகர் குறையும், இது சக்தி ஏத்தப்பட்டதுன்னு. மணி மரத்துல செஞ்சது, அதுக்குள்ள மருந்து எதுவும் இல்ல. பலம் தர்றவன் வேற ஒருத்தன், அவன கூப்பிடறதுக்கு விரலுக்கு ஒரு துணை, அவ்வளவு தான் மாலை. பயத்துல இருக்கற நோயாளிகிட்ட இப்படி எழுதி விக்கறது பக்தி இல்ல. தயவுசெஞ்சு இத நம்பி மாத்திரைய நிறுத்திடாதீங்க, நான் ஒரு வேளை கூட நிறுத்தல.

பிரார்த்தனைய மாத்திரை மாதிரி அளந்து பாத்தவங்களும் இருக்காங்க. 2006-ல அமெரிக்காவுல 1802 பைபாஸ் நோயாளிகள வச்சு ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு, அவங்கள்ல ஒரு பகுதி பேருக்காக மட்டும் முன்பின் தெரியாதவங்க பிரார்த்தனை பண்ணாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற சிக்கல் அதனால குறையல, தனக்காக கண்டிப்பா பிரார்த்தனை நடக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்கு கொஞ்சம் கூடவே இருந்துச்சு. நம்பிக்கை உள்ளவங்க இத கேட்டு சுருங்க வேண்டியதில்ல, மறைக்கவும் வேண்டியதில்ல. பட்டன அமுக்கினா பலன் கொட்டற மிஷின் இல்ல சாமி. நான் சொல்ற பலம் வேற இடத்துல வேலை செய்யுது. ஸ்கேன் ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கறப்ப கை நடுங்காம இருக்கறது, கெட்ட செய்தி வந்தாலும் "இதுலயும் நீ இருக்க"ன்னு சொல்ல முடியறது, வீட்ல இருக்கறவங்க மேல எரிஞ்சு விழாம இருக்கறது. இத எந்த டானிக்கும் எனக்கு குடுக்கல.

உடம்பு முடியாதவங்களுக்கு பரிசா வாங்கறதா இருந்தா சில விஷயம் கவனிங்க. 108 வேண்டாம், 27 மணி மாலை போதும், டிரிப்ஸ் ஊசி குத்தின கையிலயும் சிக்காது. இரும்பு, பித்தளை கோக்காத மாலையா பாருங்க, வேர்வை பட்டா பித்தளை பச்சை பிடிக்கும், எம்ஆர்ஐ ரூமுக்குள்ள உலோகமும் கூடாது. ஐசியூல இருக்கறவங்களுக்குன்னா நர்ஸ்கிட்ட கேட்டுட்டு குடுங்க, அங்க துடைக்க முடியற வழவழப்பான மணி தான் நல்லது, மணியே இல்லாத நூல் முடிச்சு மாலை வேண்டாம். அவங்க எந்த சாமிய கும்பிடறாங்களோ அந்த மாலை தான் குடுக்கணும், உங்களோடத திணிக்காதீங்க. பார்சல் வந்த உடனே ஒவ்வொரு மணியோட ஓட்டையையும் நகத்தால தடவி பாத்துடுங்க, விளிம்பு கரகரன்னு இருந்தா நூல அறுத்துடும், அன்னிக்கே ரிட்டர்ன் போட்டுடுங்க.