ஆயா வீட்டோடு தங்குவதா, வந்து போவதா, கிரெச் என்னும் குழந்தைகள் காப்பகமா?

பிள்ளைப்பேறு விடுப்பு 26 வாரம். 2017-ல் சட்டத்தைத் திருத்தி, 12 வாரமாக இருந்ததை 26 ஆக்கினார்கள். எனக்கு அது முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போதே, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிட்டது. அத்தை, அதாவது என் மாமியார், ஒன்று சொன்னார், அலுவலகத் தோழிகள் வேறொன்று சொன்னார்கள், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு ஏஜென்சி நம்பர் போட்டார்கள். செலவு எவ்வளவு ஆகும், குழந்தைக்குப் பாதுகாப்பா என்ற இரண்டை வைத்துத்தான் எல்லோரும் ஒப்பிட்டார்கள். பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு எது தோதுப்படும் என்று கேட்டது என் அம்மா மட்டும்தான்.

அம்மாவுக்கு அந்தக் கேள்வி வரக் காரணம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் சென்னையில் ஒரு வீட்டில் ஆயாவாக இருந்தார். ஒன்பது வருஷம், இரண்டு பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அங்கே கூட்டிப் போனார். மதியம் சமையலறை மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டார். இடது இடுப்பில் குழந்தை. அது கையை நீட்டும்போதெல்லாம் தட்டை எட்டாமல் தள்ளித் தள்ளி வைத்து, அள்ளி அள்ளி வாயில் போட்டு முடித்துவிட்டார். ரசம்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு உட்காரவைத்து வயிறாரச் சோறு போட்டார்கள். அம்மா எப்போது சாப்பிடுவார் என்பது மட்டும் அவர்கள் யோசனையில் வரவே இல்லை.

ஆயாவின் மகளாகவும் இப்போது ஆயா வைத்திருப்பவளாகவும் இந்த அலசலை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு ஏற்பாடுகளைச் செய்து பார்த்தோம், இரண்டைக் கிட்டே இருந்து பார்த்தோம்.

வீட்டோடு தங்கும் ஆயா

முதலில் இதைத்தான் எடுத்தோம். வேலைக்குப் போகும் இருவருக்கும் இதுதான் வசதி என்று எல்லோரும் சொன்னார்கள். மாதம் 22,000 ரூபாய், சாப்பாடு, தங்க இடம். ஏஜென்சிக்கு ஒரு மாதச் சம்பளம் கமிஷன். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், விழுப்புரம் பக்கம் ஊர். கைதேர்ந்தவர். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் நான் எழுவதற்குள் அவர் எழுந்திருப்பார். காலை ஐந்தரைக்கு மறுபடி எழுந்து வெந்நீர் வைத்திருப்பார். நாலாம் நாள், "ராத்திரி தூங்கினீங்களாம்மா?" என்று கேட்டேன். "குழந்தை தூங்கின மட்டும் தூங்கினேன் பாப்பா" என்றார். அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

22,000 ரூபாயை 30 நாள், 24 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 31 ரூபாய். தூங்கும் நேரத்தையும் சேர்க்கலாமா என்று என் கணவர் கேட்டார். குழந்தை பக்கத்திலேயே படுத்து, அது அசைந்தால் எழ வேண்டும் என்றால் அந்த நேரம் அவருடையது எப்படி ஆகும்? சரி, எட்டு மணி நேரத்தைக் கழித்தாலும் மணிக்கு 46 ரூபாய்தான். தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்கு 2018-ல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 37 ரூபாயிலிருந்து தொடங்கியது. நாங்கள் தாராளமாகக் கொடுப்பதாக நினைத்திருந்தோம். ராத்திரியைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பழைய தொகையைக்கூட எட்டவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் "தங்கி வேலை பார்ப்பவர்தான் லாபம்" என்று ஒருவர் போட்டிருந்தார். அந்த லாபம் ஆயாவின் தூக்கத்திலிருந்து வருகிறது. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் இந்த ஏற்பாட்டை மற்றதோடு ஒப்பிடவே கூடாது.

மூன்றாம் வாரம் இன்னொன்று தெரிய வந்தது. அவருடைய மகளுக்கு ஊரில் ஏதோ வேலைக்காக அம்மாவின் ஆதார் தேவைப்பட்டது. கையில் இல்லை, ஏஜென்சி அசலையே வாங்கி வைத்திருந்தது. எங்களிடம் கமிஷன் வாங்கியது போதாதென்று, அவருடைய முதல் மாதச் சம்பளத்தில் பாதியையும் பிடித்துக்கொள்வதாகப் பேசியிருந்தது. நாங்கள் சத்தம் போட்ட பிறகு ஆதார் வந்தது. பாதிச் சம்பளத்தை நாங்களே கையில் கொடுத்தோம். அவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வீட்டு வேலை செய்வோருக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அடையாள ஆவணங்கள் தொழிலாளியின் கையிலேயே இருக்க வேண்டும், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், ஓய்வு நாளில் அவர் வேலை பார்க்கும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது, ஆனால் இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பம் நாளைக்கே இதைக் கடைப்பிடிக்கலாம்.

இரவுப் பணிக்குப் போகும் செவிலியர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் போன்றவர்களுக்கு வீட்டோடு தங்குபவர் இல்லாமல் முடியாது. அப்படியானால் தாழ்ப்பாள் போடும் தனி அறை வேண்டும், ஹாலில் பாய் போதாது. வாரம் ஒரு முழு நாள் வெளியே போக விட வேண்டும். ராத்திரி எழுந்தால் மறுநாள் பகலில் தூங்க நேரம் ஒதுக்க வேண்டும். இந்த மூன்றும் முடியாது என்றால் வேறு ஏற்பாட்டைப் பாருங்கள்.

காலையில் வந்து மாலையில் போகிறவர்

இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். பெரும்பாக்கம், கண்ணகி நகர் இரண்டும் சென்னைக்குள் இருந்த குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடங்கள். ஓஎம்ஆர் அபார்ட்மென்ட்களில் வேலை செய்யும் பெண்களில் நிறையப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் போக்குவரத்துச் செலவு மிச்சம். ஆனால் அந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். மாலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு விட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

எட்டரைக்கு வருவார், ஆறு மணிக்குக் கிளம்புவார். ஞாயிறு லீவு. சம்பளம் 18,000. மாதம் 26 நாள் வைத்தால் மணிக்கு 73 ரூபாய் ஆகிறது. மொத்தத் தொகையில் தங்குபவரைவிட 4,000 குறைவு, ஆனால் மணிக்கணக்கில், ராத்திரியும் சேர்த்து வந்த அந்த 31 ரூபாயைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

இந்த ஏற்பாட்டில் தப்பு செய்ய வாய்ப்புள்ளவர்கள் நாங்கள்தான். மீட்டிங் இழுத்துவிடும், டிராஃபிக் மாட்டிவிடும், "ஒரு பத்து நிமிஷம் அக்கா" என்று போன் செய்வேன். பத்து நிமிஷம் முப்பது ஆகும். முதல் மாதம் இப்படி ஏழு நாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தில்தான் தெரிந்தது. அவருடைய மகன் ஆறாம் வகுப்பு, ஆறரைக்கு மேல் வீட்டில் தனியாக இருக்கிறான் என்று அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் குழந்தையைப் பார்க்க ஒருவர் தன் பிள்ளையை விட்டுவிட்டு நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? என் அம்மா அப்படி நின்ற எத்தனையோ சாயங்காலங்களில் வீட்டில் காத்திருந்தவள் நான். ஆனாலும் செய்தேன். இப்போது ஆறேகாலுக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் 60 ரூபாய், ஏழைத் தாண்டினால் ஆட்டோ செலவும் எங்களுடையது. பணம் கொடுப்பதைவிட, அந்த விதி வந்த பிறகு நாங்கள் நேரத்துக்கு வருகிறோம் என்பதுதான் பலன்.

அடுத்த சிக்கல், வேலை தானாக வளர்வது. குழந்தையின் துணி மட்டும் என்று ஆரம்பித்தோம். அத்தை ஒருநாள் இரண்டு டம்ளரைக் கழுவச் சொன்னார். மறுவாரம் காய் நறுக்கல். "குழந்தை தூங்குறப்ப சும்மாதானே இருக்கா" என்றார். குழந்தை தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அக்கா கழிப்பறை போவதும் காலை நீட்டி உட்காருவதும். அத்தையிடம் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. சொன்னேன், இரண்டு நாள் பேச்சு குறைந்தது, பிறகு சரியாகிவிட்டது.

சம்பளப் பிடித்தம் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பத்து நாள் அக்காவுக்கு வேலை இல்லை. அது அவர் எடுத்த லீவு இல்லை, நாங்கள் கொடுத்தது. அதற்குச் சம்பளத்தைப் பிடிக்கிறவர்கள் எங்கள் பிளாக்கிலேயே உண்டு. "நீங்க இப்படிக் கொடுத்தா எங்க ஆளும் கேப்பாங்க" என்று ஒருவர் லிஃப்டில் வைத்துச் சொன்னார். கேட்கட்டும். நம் அலுவலகம் பத்து நாள் மூடினால் நம் சம்பளத்தைப் பிடிக்க விடுவோமா?

இந்த ஏற்பாட்டின் குறை, அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் கிடையாது. ஜூலையில் நான் நாலு நாள் லீவு போட்டேன். அதைத் தாங்க முடியாத வேலையில் இருப்பவர்கள் முன்பே யோசிக்க வேண்டும்.

கிரெச்

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கிரெச் வசதி ஏற்படுத்த வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்பது அதே 2017 திருத்தத்தில் வந்த விதி. உங்கள் நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்காததாலேயே பல இடத்தில் ஏட்டில் மட்டும் இருக்கிறது.

அங்கே வேலை செய்பவரின் பக்கமிருந்து பார்த்தால் கிரெச்சுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. வீட்டுக்கு வரும் ஆயாவுக்கு அது கிடையாது. ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் குழந்தையைப் பார்ப்பார். பலவீனம், கைக்குழந்தைகள் அதிகமாகவும் கைகள் குறைவாகவும் இருக்கும் இடங்கள் நிறைய. என் தோழி ஒரு கிரெச்சில் சேர்க்கப் போனபோது பொம்மைகளையோ கேமராவையோ பார்க்கவில்லை. அங்கிருந்த ஆயாவிடம், "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். "ரெண்டு மாசம். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அவ்ளோதான்" என்று பதில். வேறு இடம் பார்த்தாள். நல்ல கேள்வி அது. தன்னிடம் வேலை செய்பவரைச் சரியாக நடத்தும் இடத்தில்தான் ஆள் நிலைக்கும், குழந்தைக்கும் முகம் பழகும்.

குழந்தைக்குச் சளி என்றால் கிரெச்சில் எடுக்க மாட்டார்கள். ஒன்றரை வயதுக்கு மேல் இது நல்ல வழி என்பது என் எண்ணம், அதற்கு முன் எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு குடும்பம் சேர்ந்து ஒருவர், அப்புறம் பாட்டி

பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்து ஒரே ஆயா பார்ப்பது இப்போது பரவி வருகிறது. சம்பளத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பதுதான் பேச்சு. இரண்டு குழந்தை என்றால் வேலை இரட்டிப்பாகிறது, சம்பளம் அப்படியே இருக்கிறது. குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுத்தால் குடும்பத்துக்கு முக்கால் பங்குதான் விழும், எல்லோருக்கும் லாபம். அப்படிப் பேசாமல் இதில் இறங்க வேண்டாம்.

பாட்டி சம்பளம் கேட்கமாட்டார். அதனாலேயே அவருடைய மூட்டுவலியும் கோயில் நேரமும் கணக்கில் வருவதில்லை. அத்தை "முழு நாள் என்னால முடியாது" என்று நேராகச் சொன்னார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

எழுதி வைத்தது

சட்டம் இன்னும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. அக்கா அதில் பதிவு செய்யாமல் இருந்தார், நாங்கள் விண்ணப்பத்துக்கு உதவினோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தபோது வீட்டு வேலை செய்வோரையும் சேர்த்தது. அவர்கள் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம். வீட்டு வேலை செய்வோருக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொல்லியிருக்கிறது.

எந்த ஏற்பாடானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அக்காவோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். நேரம், சம்பளத் தேதி, வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு லீவு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், நிறுத்துவதானால் இரு பக்கமும் ஒரு மாதம் முன்னறிவிப்பு, ஹாலில் மட்டும் கேமரா. கேமரா இருப்பதை அவர் சேரும் முன்பே சொல்லிவிட்டோம். அவருக்கும் ஒரு நகல் கொடுத்தோம்.

அம்மா வந்திருந்தபோது அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பேனா கேட்டு வாங்கி, அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "மதியம் சாப்பிட அரை மணி. கையில் குழந்தை இல்லாமல்." ஒன்றரை மணிக்கு, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் கணவர் மடிக்கணினியை மூடிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்கிறார். அக்கா உட்கார்ந்து சாப்பிடுகிறார்.