பெரிய மைதானத்துக்கு மாறும் பிள்ளைகளுக்கான ஆறு வார பேஸ்பால் பயிற்சி: எங்கள் அனுபவம்

12 வயது வரை என் மகன் ஷார்ட் ஸ்டாப்பில், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் பந்தைத் தடுக்கும் இடத்தில் நின்றவன். தரையோடு உருண்டு வரும் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு (அடித்தவன் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடம்) எறிந்தால், ஓடி வருகிறவனுக்குப் பேஸைத் தொட இன்னும் நாலைந்து எட்டு பாக்கியிருக்கும். போன ஜூலையில் முதல் தடவையாகப் பெரிய மைதானத்தில் ஆடினான், அங்கே ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 60 அடி இல்லை, 90 அடி. அதே பந்து, அதே எறி, ஆனால் பந்து இரண்டு முறை குத்திப் போய்ச் சேர்வதற்குள் எதிரணிப் பையன் பேஸைத் தாண்டிவிட்டான். ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை இப்படி. வீட்டுக்கு வரும்போது காரில், "அப்பா, நான் நல்லாத்தான் எறியறேன், பந்துதான் போய்ச் சேர மாட்டேங்குது" என்றான். அன்று ராத்திரியே இந்தப் பயிற்சியைத் தேடிச் சேர்த்தேன். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட தூரம், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஆறு சனிக்கிழமை, ஒவ்வொரு நாளும் இரண்டரை மணி நேரம், மொத்தம் 390 டாலர். குறையும் சொல்லப் போவதால் இடத்தின் பெயரை எழுதவில்லை. அமெரிக்காவில் இதே வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு, இந்த மாதிரிப் பயிற்சியில் என்ன பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதல் நாள் முதல் அரை மணி நேரம் பந்தையே கையில் கொடுக்கவில்லை. தலைமைப் பயிற்சியாளர், பந்தை அடிப்பவன் நிற்கும் ஹோம் ப்ளேட்டிலிருந்து முதல் பேஸ் வரை அளவு நாடாவை விரித்து 60, 70, 90 அடிகளில் ஒவ்வொரு கூம்பு வைத்தார். பிள்ளைகள் ஒவ்வொரு கூம்பு வரைக்கும் தனித்தனியாக ஓடினார்கள், அவர் நேரம் குறித்தார். அப்புறம் ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்கு நாடாவை இழுத்தார். சிறிய மைதானத்தில், அடிப்பவனுக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் கேட்ச்சர் எறிய வேண்டிய தூரம் 84 அடி 10 அங்குலம், பெரியதில் 127 அடி 3 அங்குலம். பக்கம் ஒன்றரை மடங்கு ஆகும்போது பேஸ்களுக்கு நடுவில் உள்ள பரப்பு 3,600 சதுர அடியிலிருந்து 8,100 ஆகிவிடுகிறது, ஆனால் காவலுக்கு நிற்பது அதே ஒன்பது பேர்தான். என் மகன் அந்த நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் நினைவிருக்கிறது. கோளாறு தன் கையில் இல்லை, தூரத்தில் இருக்கிறது என்று அவனுக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. கொடுத்த பணத்தில் பாதி எனக்கு அங்கேயே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இந்த வயதில் உடம்புகளும் ஒரே மாதிரி இல்லை. பயிற்சிக்கு வந்த 14 பேரில் ஒருவனுக்கு மீசை அரும்பி என் உயரத்துக்கு நிற்கிறான், என் பையன் அவன் தோளுக்குக் கீழே. சிறிய மைதானத்தில் இரண்டு பேரும் சமமாக ஆடியவர்கள். 90 அடியில் அந்த உயரமானவன் கையை வீசினாலே பந்து போய்விடுகிறது, மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஆட்டம் பிடித்த பிள்ளைகள் பலர் 13 வயதில் விட்டுவிட்டுப் போவதை எங்கள் லீக்கிலேயே பார்க்கிறேன், அதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். திறமை குறைந்ததாக அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், "இன்னும் பலமாக எறி" என்று யாரிடமும் சொல்லவில்லை. காலைத்தான் மாற்றினார்கள். பந்து வரும் வரை காத்திருக்காமல் முன்னே போய் எடு, எடுக்கும்போதே பாதம் முதல் பேஸை நோக்கித் திரும்பட்டும், உடம்பின் வேகம் முழுவதும் எறியில் போகட்டும். அப்புறம், முதல் பேஸுக்கு முன்னால் ஒரே ஒரு குத்து குத்தி வரும் எறி தப்பே இல்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள். வானத்தில் வளைந்து போகும் எறியைவிட அது சீக்கிரம் போய்ச் சேரும். கேட்ச்சர்களுக்கும் இதே பாடம்தான். அவுட்ஃபீல்டில், அதாவது பேஸ்களுக்கு அப்பால் தூரத்தில் இருப்பவர்கள் நேராக ஹோமுக்கு எறியாமல் நடுவில் நிற்பவனுக்குக் கொடுத்து அவன் திருப்பி எறிவது, அதாவது கட்-ஆஃப், சிறிய மைதானத்தில் 200 அடியிலேயே வேலி வந்துவிடுவதால் பெரும்பாலும் தேவைப்படாது. இங்கே வேலி 300 அடிக்கு அப்பால். அது இல்லாமல் ஒரு இன்னிங்ஸ்கூட ஓடாது. இரண்டு சனிக்கிழமை இதற்கே போனது, போனது சரிதான்.

நான்காம் வாரம் ஓட்டம். தூரத்தைவிடப் பெரிய மாற்றம் இதில் இருக்கிறது, பெற்றோர் நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் 12 வயதுப் பிரிவு வரை பந்து பேட்ஸ்மேனிடம் வந்து சேரும் வரை பேஸில் நிற்பவன் காலை எடுக்கக் கூடாது. பெரிய மைதானத்துக்கு வந்துவிட்டால் முன்கூட்டியே பேஸை விட்டுத் தள்ளி நிற்கலாம், அதனால் பந்து வீசும் பிட்ச்சரும் திரும்பி அந்தப் பேஸுக்கு எறிந்து அவனை மடக்கப் பார்க்கலாம், மடக்குவதுபோல் ஏமாற்றினால் அதற்கு 'பாக்' என்று தண்டனையும் உண்டு. ஒரே சீசனில் இவ்வளவு புது விதி. வலது கைப் பிட்ச்சரின் பாதங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: இடது குதிகால் முதலில் எழும்பினால் பந்து ஹோமுக்குப் போகிறது, ஓடலாம், வலது குதிகால் எழும்பினால் உடனே பேஸுக்குத் திரும்பு. என் பையன் வீட்டில் டிவியில் பெரியவர்கள் ஆட்டம் பார்க்கும்போதுகூட இப்போது காலைத்தான் பார்க்கிறான். உயரம் குறைவாக இருந்தாலும் இதில் அவன்தான் குழுவில் முதல் ஆளாக வந்தான், அந்த நம்பிக்கை மற்ற எல்லாவற்றுக்கும் பரவியது.

சரி, குறைகள். பந்து வீச்சுப் பகுதி எனக்குத் திருப்தி இல்லை. பிட்ச்சர் நிற்கும் தூரம் 46 அடியிலிருந்து 60 அடி 6 அங்குலம் ஆகிறது, அவன் நிற்கும் மண் மேடான மவுண்டும் 6 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக உயர்கிறது. பழைய உயரத்தில் விட்ட பந்து ஹோமுக்கு முன்னாலேயே தரையைத் தொடுகிறது, உடனே பிள்ளைகள் தோளையும் முழங்கையையும் போட்டு முறுக்கி வீசுகிறார்கள். இந்த இடத்தில்தான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூன்றாம் சனிக்கிழமை யார் எத்தனை பந்து வீசினார்கள் என்று யாரும் எண்ணவே இல்லை. நான் பென்ச்சில் இருந்து எண்ணியதில் என் மகன் 100 தாண்டிவிட்டான், அதுவும் மூன்று மாதம் பந்து வீசாமல் இருந்த பிறகு. லிட்டில் லீக்கில் ஆட்டத்திலேயே 13 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் வரம்பு, 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். அன்று ராத்திரி முழங்கையின் உட்பக்கம் வலி என்றான். அந்த இடத்தில் எலும்பு வளரும் தட்டு இந்த வயதில் இன்னும் மூடியிருக்காது, அதன்மேல் இழுவை அதிகமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லி இரண்டு வாரம் எறியவே கூடாது என்றார். நல்லவேளை அதோடு சரியானது. நான் நிர்வாகத்துக்கு எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்ணிக்கைக் கருவியோடு ஒருவர் நின்றார். கேட்டதும் மாற்றினார்கள், அது நல்ல விஷயம். ஆனால் 13 வயதுப் பிள்ளையின் கையைக் காப்பாற்ற ஒரு அப்பா கடிதம் எழுதும் வரை காத்திருக்கக் கூடாது. இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

பேட்டிங் சொல்லிக் கொடுத்தவர், எல்லாரும் உடனே ஹைஸ்கூல் விதிப்படியான கனமான பேட்டுக்கு மாறுங்கள் என்றார். அது பிபிகார் (BBCOR) என்ற தர முத்திரை உள்ள வகை, 32 அங்குல நீளம் என்றால் குறைந்தது 29 அவுன்ஸ் எடை. என் மகன் அதுவரை வைத்திருந்தது 30 அங்குலம், 20 அவுன்ஸ். ஹைஸ்கூலில் அது கட்டாயம்தான், ஆனால் லிட்டில் லீக்கின் 13 வயதுப் பிரிவில் சிறுவர் பேட்டுகளுக்கான யுஎஸ்ஏ முத்திரை போட்ட லேசான பேட்டும் செல்லும். அதே கட்டடத்தில் பேட் கடையும் இருக்கிறது, பயிற்சி முடிந்ததும் நேராக அங்கே கூட்டிப் போனார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் நடுவில் இருக்கும் எடையில் ஒன்று வேறு இடத்தில் வாங்கினோம், அவன் நன்றாக அடிக்கிறான். உண்மையில் அடிப்பவனுக்கு முதல் சில மாதம் நேரம்தான் சிக்கல், எடை இல்லை. 60 மைல் வேகப் பந்து 46 அடியிலிருந்து அரை வினாடியில் வந்துவிடும், 60 அடியிலிருந்து கிட்டத்தட்ட 0.7 வினாடி. பழைய தூரத்துக்குப் பழகிய பிள்ளை முன்கூட்டியே பேட்டை வீசிவிடுகிறான். காத்திருக்கப் பழக்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு 66 அடி ஆடுகளம் மனதில் இருப்பதால் 60 அடி பெரிதாகத் தெரியாது. ஆனால் பந்து நடுவில் குத்தாமல் நேராக வருகிற ஆட்டத்தில் ஒவ்வொரு அடியும் கணக்கு. உங்கள் ஊர் லீக்கில் 50/70 பிரிவு இருந்தால் முதலில் ஒரு வருடம் அதில் ஆட விடுங்கள். பிட்ச்சருக்கு 50 அடி, பேஸுக்கு 70 அடி, இரண்டாம் பேஸுக்கு எறி 99 அடி. லிட்டில் லீக் 2013 முதல் இதை முழுப் பிரிவாக நடத்துகிறது. இன்னொரு சிறுவர் அமைப்பான போனி லீக் பக்கம் இன்னும் நிதானம்: 11, 12 வயதுக்கு 50/70, 13, 14 வயதுக்கு 54/80, அதற்கப்புறம்தான் 90. எங்கள் ஊரில் இரண்டும் இல்லை, அதனால்தான் பிள்ளைகள் ஒரே கோடையில் 60 இலிருந்து 90க்குத் தாவ வேண்டியிருக்கிறது. இந்தப் பயிற்சி இடத்துக்காரர்கள் நடுவில் 70 அடியில் இரண்டு வாரம் ஆட வைத்திருந்தால் இன்னும் ஒரு நட்சத்திரம் சேர்த்திருப்பேன்.

மற்றபடி வண்டி நிறுத்த இடம் தாராளம், நிழல் குறைவு, தண்ணீர் நாமே கொண்டு போக வேண்டும். 14 பேருக்கு மூன்று பயிற்சியாளர்கள், போதும். 10, 11 வயதுக்காரர்களைச் சேர்க்க வேண்டாம், சிறிய மைதானத்திலேயே சந்தோஷமாக ஆடட்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்: ஃபீல்டிங்குக்கும் ஓட்டத்துக்கும் ஐந்து, பேட்டிங்குக்கு மூன்று, பந்து வீச்சுக்கு இரண்டு.

ஜனவரியில் உள்ளரங்கில் அடுத்த சுற்று தொடங்குகிறதாம், தனித்தனிப் பகுதியாகவும் சேரலாமாம். ஃபீல்டிங்கும் ஓட்டமும் மட்டும் பதிவு செய்திருக்கிறேன். போன ஞாயிறு பூங்காவில் நான் முதல் பேஸில் நின்றேன், ஷார்ட் ஸ்டாப்பிலிருந்து அவன் எறிந்த பத்தில் ஏழு ஒரே குத்தில் என் கிளவுஸுக்கு வந்தன.