பல்ப் டெஸ்டரா, மல்டிமீற்றரா? உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு எது சரி

மட்டக்களப்புக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கல்லடியிலோ காத்தான்குடியிலோ இரவு முழுக்க வெளியில் நிற்கிற வண்டியில் வயர் அறுவது குறைவு. கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பிடிப்பதுதான் பெரிய தொல்லை. எந்தக் கருவியானாலும் இந்தக் களிம்பைக் காட்டித் தருமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற சின்ன பல்ப் உள்ள பல்ப் டெஸ்டர் மலிவு, பழகுவதும் சுலபம். எர்த் கிளிப்பை வண்டியின் இரும்பில் மாட்டி, ஊசியை வயர் முனையில் வைத்தால் எரியும், அல்லது எரியாது. உள்ளே இருக்கும் பல்ப் கால் அம்பியர் அளவுக்குக் கரண்ட் இழுப்பதால், மோசமாகக் களிம்பேறிய இடத்தில் மங்கிக் காட்டிக் கொடுக்கும். ஆனால் 55 வாட் ஹெட்லைட் இழுப்பது 4.5 அம்பியருக்கு மேல். கால் அம்பியரைத் தாங்குகிற இணைப்பு அதையும் தாங்கும் என்று நம்ப முடியாது.

வோல்ட், அம்பியர் எல்லாம் எண்ணில் காட்டுகிற மல்டிமீற்றர் இதற்கு நேர்மாறு. டிஜிட்டல் மீற்றர் கரண்டே இழுக்காத மாதிரித்தான். அதனால் லைட்டைக் கழற்றிவிட்டு அளந்தால், களிம்பேறிய வயரிலும் 12.6 வோல்ட் காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். லைட்டைப் போட்டுவிட்டு அளக்க வேண்டும். கறுப்பு முனையை பற்றரியின் நெகட்டிவ்விலும், சிவப்பு முனையை லைட்டின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டித் துடையுங்கள். இந்த ஒரு சோதனை தெரிந்தால் பல்ப் டெஸ்டர் இல்லாமலே சமாளிக்கலாம்.

பாதுகாப்பிலும் என் ஓட்டு மீற்றருக்குத்தான். சென்சர் வயர்களில் ஓடுவது பெரும்பாலும் 5 வோல்ட், அதுவும் மிகச் சிறிய கரண்ட். அதில் பல்ப் டெஸ்டரை வைத்தால் கம்ப்யூட்டர் பெட்டியே போகலாம். எல்ஈடி டெஸ்டர் அவ்வளவு இழுக்காது. ஆனால் எத்தனை வோல்ட் என்றும் சொல்லாது. வயரை வண்டியின் இரும்பு பொடியில் (body) தட்டிப் பொறி பார்க்கிற பழக்கம் அறவே வேண்டாம். மீற்றரிலும் ஒரு கவனம்: சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருக்கும்போது பற்றரியில் வைத்தால் நேரே ஷார்ட்தான்.

ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் இரண்டு கருவியையும் வைக்காதீர்கள். அக்வா, பிரியஸ், வெசல் போன்ற ஹைபிரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயரும் அப்படித்தான். அதில் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஆளையே கொல்லும். பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

பல்ப் டெஸ்டரின் கூர் ஊசியால் வயரின் உறையைக் குத்திப் பார்ப்பதை நம் ஊரில் கட்டாயம் நிறுத்த வேண்டும். அந்த ஓட்டை வழியே உவர் ஈரம் இறங்கி, உள்ளே செம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போகும். கனெக்டரின் பின்பக்கத்தால், வயரை ஒட்டி மெல்லிய பின்னைச் செருகி அளந்து பாருங்கள். முன்பக்கத் துளையில் தடித்த முனையைத் திணித்தால் உள்ளிருக்கும் தகடு விரிந்து, மறுபடி மாட்டும்போது லூசாகி, அதுவே அடுத்த பிழையாகிவிடும்.