இன்வெர்ட்டர் பேட்டரி: டியூபுலரா, லித்தியமா?

சித்திரை வெயில் ஏறினால் மதுரையில் தெருவுக்கு நாலு பேர் கேட்கும் கேள்வி இது. கடையில் லித்தியம் என்று தருவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் குழு 1997இல் வெளியிட்ட பேட்டரி வேதியியல், இப்போதுதான் நம் வீட்டு மூலைக்கு வந்திருக்கிறது.

விலை: டியூபுலர் (ஈயமும் அமிலமும் உள்ள பேட்டரி) மலிவு, பழையதைக் கொடுத்தால் அதிலுள்ள ஈயத்துக்காக விலையில் கழிவும் உண்டு. லித்தியத்துக்குக் கை கடிக்கும்.

பராமரிப்பு: டியூபுலருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். (போன ஆடியில் ஊற்றிய நான் இந்த ஆடியில்தான் மூடியைத் திறந்தேன்.) லித்தியத்துக்கு அந்த வேலையே இல்லை.

ஆயுள்: முக்கியமான இடம் இதுதான். 25 டிகிரிக்கு மேல் கூடும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும்? லித்தியத்துக்கும் சூடு ஆகாதுதான். ஆனாலும் 2000 முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கினாலும் அவ்வளவாகப் பாதிப்பில்லை.

எப்போதாவது கரண்ட் போகும் வீட்டுக்கு டியூபுலர் போதும். தினமும் போகும் இடத்தில் கடை வைத்திருந்தால் லித்தியம். அப்புறம், பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் மோட் (லித்தியத்துக்கு ஏற்றபடி சார்ஜ் செய்யும் அமைப்பு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.