பாலி போறவங்க பணம் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க: கண்ணு முன்னாடியே 12 லட்சம் ரூபியா போச்சு

கோலாலம்பூர் ஏர்போர்ட்ல உக்காந்து டைப் பண்றேன். திருச்சி ப்ளைட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு, பசங்க ரெண்டும் சேர்லயே தூங்கிடுச்சுங்க, எனக்குத்தான் கண்ணை மூடினா அந்த ஆளோட கைதான் வருது. முந்தாநேத்து சாயங்காலம் பாலில கூட்டாங்கற பீச் ஏரியா பக்கத்துல ஒரு சந்துக்குள்ள இருந்த மணி சேஞ்சர் கடைல என் கண்ணு முன்னாடி, நான் எண்ணி முடிச்ச பணத்துலேர்ந்து 24 நோட்டை உருவிட்டான். எல்லாமே 50,000 ரூபியா நோட்டு. மொத்தம் 12 லட்சம் ரூபியா.

12 லட்சம்னு பாத்து பதறாதீங்க, அது அந்த ஊர் காசு, நம்ம காசுக்கு 6,200 ரூபாய் கிட்ட வரும். 6,200 தானேன்னு சொல்றவங்க சொல்லிக்கோங்க. ஒன்றரை வருஷம் சீட்டு போட்டு சேத்து கூட்டிட்டு வந்த ட்ரிப் இது, ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவுதான்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். பசங்களுக்கு லீவு விட்டதும் கிளம்பினோம், நானும் இவரும் பசங்க ரெண்டும். யாரும் இனிமே இப்படி ஏமாறக் கூடாதுன்னு என்னென்ன பாக்கணும்னு விவரமா கடைசில எழுதறேன், முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

ட்ரிப் புக் பண்ணின எங்க ஊர் ட்ராவல்ஸ்காரர்தான் சொன்னார், "மேடம் ஏர்போர்ட்ல மாத்தாதீங்க, ரேட் அடிச்சுடுவான், கூட்டா தெருவுல மாத்துங்க, நல்ல ரேட் கிடைக்கும்"னு. இந்திய ரூபாயா கொண்டு போனா அங்க சரியா வாங்க மாட்டாங்கன்னு இங்கேயே டாலரா மாத்திட்டுப் போயிருந்தோம். விசா ஆன் அரைவல் ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, டூரிஸ்ட் வரி ஆளுக்கு ஒன்றரை லட்சம், அதெல்லாம் கார்டுல கட்டியாச்சு. கைச்செலவுக்குத்தான் மூணு நூறு டாலர் நோட்டு தனியா வெச்சிருந்தேன்.

லெகியான் ரோட்டுலேர்ந்து உள்ள பிரியுற ஒரு சந்து. முன்னாடி முழுக்க சாராங் துணி, மரப் பொம்மை, சாவிக்கொத்து தொங்குது, உள்ள கடைசில ஒரு மேஜை போட்டு ஒரு ஆள் உக்காந்திருக்கான். வாசல்ல ஒரு போர்டு, நோ கமிஷன், ஒரு டாலருக்கு 16,750. நான் போன்ல பாத்தப்ப கூகுள்ல 16,400 சொச்சம் காட்டுச்சு, மெயின் ரோட்டுல கண்ணாடி போட்ட பெரிய கடைல 16,300 எழுதியிருந்தான். 300 டாலருக்கு கணக்கு போட்டா கூட ஒரு 1,35,000 ரூபியா வரும், ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஆச்சேன்னு உள்ள போனோம். மார்க்கெட் ரேட்டை விட அதிகமா குடுத்து ஒருத்தன் ஏன் டாலர் வாங்கணும், அவனுக்கு எங்கேர்ந்து லாபம் வரும்னு அந்த நிமிஷம் எங்க ரெண்டு பேருக்குமே தோணல.

நம்பினதுக்குக் காரணம் ரேட் மட்டும் இல்லங்க. மேஜை மேல ஒரு ஓரமா கருங்கல் பிள்ளையார் இருந்தார், காதுல வெள்ளைப் பூ வெச்சிருந்தாங்க. முன்னாடி அந்த ஊர்ல வீட்டு வாசல், கடை வாசல், ரோட்டோரம்னு எங்க பாத்தாலும் வைப்பாங்களே, தென்னங்குருத்துல பின்னின சின்னத் தட்டு, சானாங் சாரின்னு பேரு, அதுல பூவும் ரெண்டு பருக்கை சோறும், ஊதுபத்தி புகைஞ்சுட்டு இருக்கு. என் பொண்ணு போனதும் பிள்ளையாரைப் பாத்து கும்பிட்டா. அவன் சிரிச்சுட்டு "ஓம் ஸ்வஸ்தியஸ்து"ன்னு கை கூப்பினான், இந்தியாவா, நாமெல்லாம் ஒரே சாமின்னு சொன்னான், பையனுக்கு ஒரு மிட்டாய் குடுத்தான். வெளிநாட்டுல வந்து பிள்ளையார் இருக்குற இடத்துல உக்காந்திருக்கோம்னு எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. அதை நெனச்சாதான் இப்ப வயிறு எரியுது. சாமியை முன்னாடி வெச்சுட்டு இதைப் பண்ணியிருக்கான்.

டாலர் நோட்டை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான், தடவிப் பாத்தான். ஒரு நோட்டைக் காட்டி இதுல மடிப்பு இருக்கு, வேற கடைல எடுத்துக்க மாட்டாங்க, குடும்பத்தோட வந்திருக்கீங்க நான் எடுத்துக்கறேன்னான். அய்யோ நல்ல மனுஷன்னு நெனச்சேன். கால்குலேட்டர்ல 300 பெருக்கல் 16,750 போட்டு 50,25,000னு திருப்பிக் காட்டினான், இவரும் போன்ல போட்டுப் பாத்தார், சரியாதான் இருந்துச்சு. சில கடைல கால்குலேட்டர்லயே தில்லுமுல்லு பண்ணுவாங்களாம், இங்க அது கூட இல்ல.

1 லட்சம் நோட்டு இருக்கான்னு கேட்டேன், அது செவப்பா இருக்கும். இல்ல, தீந்து போச்சு, 50,000தான் இருக்குன்னு நீல நோட்டுக் கட்டை எடுத்தான். இருபது இருபதா எண்ணி மேஜைல அஞ்சு அடுக்கா வெச்சான், ஒரு அடுக்கு 10 லட்சம். நீங்களே எண்ணுங்கன்னு என் பக்கம் தள்ளினான். நான் எண்ணினேன், மூணாவது அடுக்குல 19தான் இருந்துச்சு. சொன்னதும் சாரி சாரின்னு நெத்தில தட்டிக்கிட்டு ஒரு நோட்டு எடுத்து வெச்சான். இப்ப நெனச்சுப் பாக்குறேன், அதுவும் வேணும்னே பண்ணினதுதான். தப்பை நாம கண்டுபிடிச்சுட்டோம், இனிமே தப்பு இல்லைன்னு நம்ம மனசு அங்க அடங்கிடுது பாருங்க.

திருப்பியும் எண்ணினேன், 100 நோட்டு சரியா இருந்துச்சு. மேல ஒரு 20,000, ஒரு 5,000. சத்தியமா சொல்றேன் என் கை எண்ணி முடிச்சப்ப அங்க 50,25,000 இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான். அஞ்சு அடுக்கையும் அவன் தன் பக்கம் இழுத்து ஒண்ணா சேத்தான், கட்டை நேராக்குற மாதிரி மேஜை ஓரத்துல டக் டக்னு ரெண்டு தட்டு தட்டினான். பாதிக் கட்டு மேஜைக்கு மேல, பாதி அவன் பக்கம் கீழ தொங்குற மாதிரி புடிச்சிருந்தான். அதே நேரம் பின்னாடி நின்ன இன்னொருத்தன் என் பையன்கிட்ட உன் பேர் என்ன, எந்த ஊருன்னு கேக்குறான், நாங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தோம். ஒரு மூச்சு விடுற நேரம் இருக்குமா? அவ்வளவுதான். கட்டு என் கைக்கு வந்துடுச்சு. கூடவே ஒரு அட்வைஸ் வேற, "பேக் பத்திரம், பைக்ல வந்து பறிச்சுட்டுப் போவாங்க, வெளில பணத்தை எடுக்காதீங்க"ன்னு. அவன் சொன்னது நெஜந்தான், அந்த ஏரியால பைக்ல வந்து பேக் பறிக்கிறது நடக்கும்னு நானே படிச்சிருந்தேன். அதனால அங்கேயே பேக் உள் ஜிப்ல வெச்சுப் பூட்டிட்டு நேரா ரூமுக்கு வந்துட்டேன், நடுவுல ஒரு தடவை கூட வெளில எடுக்கல.

ராத்திரி அடுத்த நாள் காருக்கு எடுத்து வைக்கலாம்னு கட்டில்ல கொட்டி எண்ணினா 76 நோட்டுதான் இருக்கு. கட்டு ஒல்லியா ஆனது கூடவா தெரியலன்னு கேப்பீங்க, நூறு நோட்டுக்கும் எழுபத்தாறு நோட்டுக்கும் பழக்கமில்லாத ஊர் காசுல கைக்கு வித்தியாசம் தெரியலங்க. நான் மூணு தடவை எண்ணினேன், இவர் எண்ணினார், பொண்ணு கீழ விழுந்திருக்கும்மான்னு கட்டிலுக்கு அடியில போய்ப் பாத்தா. 38,25,000. 12 லட்சம் இல்ல.

உடனே ஓடினோம். அந்தப் போர்டே வாசல்ல இல்ல. மேஜை இருக்கு, பிள்ளையார் இருக்கார், ஆள் வேற. பணம் மாத்துறது மூடியாச்சு, நாளைக்கு வாங்கன்னான், எங்க முகத்தைக் கூடப் பாக்கல, போன்லயே இருந்தான். மறுநாள் காலைல எங்க கார் டிரைவர்கிட்ட சொன்னோம். அந்த ஊர்ல அண்ணன் மாதிரி இருக்குறவங்களை "ப்ளி"ன்னு கூப்பிடுவாங்க, நாங்களும் ப்ளின்னுதான் கூப்பிட்டோம். அவருக்குக் கேட்டதும் முகமே மாறிடுச்சு, எங்க ஊர் பேரைக் கெடுக்குறானுங்கன்னு அவரே கடைக்குள்ள எங்களுக்கு முன்னாடி போனார். பாலி ஆளுங்க எல்லாம் இப்படின்னு யாரும் நெனச்சுடாதீங்க, அன்னைக்கு எங்களுக்காக அரை நாள் சவாரியை விட்டுட்டு நின்ன மனுஷன் அவர்.

கடைல முதல்ல, அந்த ஆள் லீவு. அப்புறம், ஓனர் ஜாவால இருக்கார். அப்புறம், நீங்கதான் ரெண்டு தடவை எண்ணினீங்களே, எண்ணி வாங்கிட்டுப் போய் ஓட்டல்ல தொலைச்சா நாங்க என்ன பண்றது. கேமரா இருக்கே காட்டுன்னா அது ஓடலையாம். பில்லு எங்கன்னு எங்களையே கேக்குறான், குடுத்தாத்தானே இருக்கும். ப்ளி அவங்க பாஷைல சத்தம் போட ஆரம்பிச்சதும் டிராயரைத் திறந்து 4 நோட்டை எடுத்து நீட்டி, இதை வெச்சுக்கோங்க, போன்ல எடுத்த போட்டோவை அழிச்சுடுங்கன்னான். 24 நோட்டு எடுத்துட்டு 4 நோட்டு தர்றானாம். எடுக்கலைன்னா எதுக்கு தரணும்? நான் வாங்கல. தப்போ சரியோ, அந்த 2 லட்சம் எனக்கு வேணாம்.

போலீஸுக்கும் போனோம். உக்கார வெச்சாங்க, தண்ணி குடுத்தாங்க, கேட்டாங்க. பில் இல்ல, எடுத்ததைப் பாத்த சாட்சி இல்ல, அந்த ஆள் பேர் தெரியாது. எழுதிக் குடுங்க, விசாரிக்க நாள் ஆகும், எப்ப ஊருக்குக் கிளம்புறீங்கன்னாங்க. நாளைக்குன்னோம். அதுக்கப்புறம் அவங்க பேனாவை மூடி வெச்சுட்டாங்க. ட்ராவல்ஸ்காரருக்கு போன் போட்டா "மேடம் அது பேக்கேஜ்ல வராது, நல்ல கடையா பாத்து மாத்திருக்கணும்"ங்கறார். தெருவுல மாத்துங்கன்னு சொன்னது யாருன்னு கேட்டு மெசேஜ் போட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.

நேத்து சாயங்காலம் உளுவாட்டு கோயில்ல கேச்சாக் டான்ஸ் பாக்கறதா இருந்தோம், ராமாயணக் கதை, நெருப்புக்கு நடுவுல அனுமார் வருவார்னு பொண்ணுகிட்ட ஒரு மாசமா சொல்லி வெச்சிருந்தேன். டிக்கெட், அவ்வளவு தூரம் கார் வாடகை எல்லாம் சேத்துப் பாத்தா கைல மிச்சம் இல்ல, கேன்சல் பண்ணிட்டோம். பரவால்லம்மான்னு சொன்னா அவ. அந்த 12 லட்சத்தை விட அவ அப்படி சொன்னதுதான் தாங்க முடியல.

சரி, விவரமா எழுதறேன்னு சொன்னேன், பையன் வேற எந்திரிச்சு அழறான், ஞாபகம் வர்றதை மட்டும் சொல்றேன். போர்டுல கூகுள் ரேட்டை விட அதிகமா போட்டிருந்தா உள்ளயே போகாதீங்க, ரேட் கொஞ்சம் கம்மியா இருக்குற கடைதான் நல்ல கடை. துணிக்கடைக்குள்ள, பொம்மைக் கடைக்குள்ள மேஜை போட்டு மாத்துறவன்கிட்ட வேணவே வேணாம். லைசென்ஸ் இருக்குற கடைல "பிவிஏ பெரிசின்"னு லோகோ ஒட்டியிருக்கும், பேங்க் இந்தோனேசியா குடுக்கறது, கண்ணாடி போட்ட கவுண்டர் இருக்கும், கேக்காமலே பில்லு தருவாங்க. சின்ன நோட்டா குடுத்தா வாங்காதீங்க, செவப்பு 1 லட்சம் நோட்டா கேளுங்க, 50 நோட்டு எண்ணுறது சுலபம். ரொம்ப முக்கியம், நீங்க எண்ணினதுக்கு அப்புறம் அவன் கை பணத்துல படவே கூடாது. பட்டுச்சுன்னா திருப்பி முதல்லேர்ந்து எண்ணுங்க, அங்கேயே, அவன் முன்னாடியே, முறைச்சாலும் பரவால்ல. டாலரை அது வரைக்கும் உங்க கைலயே வெச்சிருங்க, பணம் உங்க பேக்குக்குள்ள போனப்புறம் குடுங்க. நான் முதல்லயே குடுத்துட்டேன். ரெண்டு பேர் போனா ஒருத்தர் கண்ணு அவன் கையை விட்டு நகரக் கூடாது, யார் பசங்களைக் கொஞ்சினாலும்.

கடை வாசலை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்கன்னும் சொல்லணும், நாங்க மறுநாள்தான் எடுத்தோம், அதுக்குள்ள போர்டைக் கழட்டிட்டான். வேற எதாவது கேக்கணும்னா கீழ கேளுங்க, திருச்சி போய் பதில் போடறேன், கேட் நம்பர் மாத்திட்டாங்கன்னு இவர் கூப்பிடறார்.