ஸ்பேசரா, சரியான ஆஃப்செட் வீலா? காட்பாடியில் அளந்து பார்த்த கணக்கு

காட்பாடியில் இருக்கும் என் அக்கா மகன் தன் ஸ்விஃப்ட் காருக்கு அலாய் வீல் வாங்கி மாட்டினான். இரண்டாம் நாளே பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரம் உரசுகிறது. 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள்" என்றான். ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் (காரில் வீல் மாட்டப்படும் சுழலும் பகுதி) வீலுக்கும் நடுவே வைத்து வீலை வெளியே தள்ளும் தட்டு. அளக்காமல் எதையும் வைக்காதே என்றேன்.

வீலைக் கழற்றிச் சாக்கின் மேல் முகம் குப்புறப் போட்டோம். ரிம்மின் விளிம்பில் ஒரு நேரான மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து ஹப்பில் அமரும் பரப்பு வரை அளந்தால் 140 மில்லிமீட்டர். விளிம்புகளோடு சேர்த்து ரிம்மின் மொத்த அகலம் 190. அதில் பாதி 95. 140இல் 95 போனால் மீதி 45. இதுதான் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் பரப்பு எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற அளவு. பழைய இரும்பு வீலுக்கும் இதே 45தான். ஆனால் விளிம்புகளுக்கு நடுவே டயர் அமரும் அகலம் பழையதில் 5 அங்குலம், புதியதில் 6.5 அங்குலம். கூடிய 38 மில்லிமீட்டரில் பாதி, அதாவது 19, உள்பக்கமாகப் போய்விட்டது. டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே மிஞ்சியது வெறும் 3 மில்லிமீட்டர். டயர் சற்று நெளிந்தாலே உரசும்.

இனி மூன்று வழிகள்.

கடைக்காரர் சொன்ன 5 மில்லிமீட்டர் தட்டு ஸ்பேசரை வைத்தால் இடைவெளி 8 ஆகிறது. விலையும் குறைவு. ஆனால் நட்டைக் கையால் திருகி எண்ணிப் பார்த்தோம். ஸ்பேசர் இல்லாமல் 11 சுற்று இறங்கியது, ஸ்பேசரோடு 7தான். நட் ஏறும் மரைத் தண்டான ஸ்டட்டின் தடிமன் 12 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு நட் இறங்குவது 1.25 மில்லிமீட்டர். ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு; அதற்குக் கிட்டத்தட்ட 10 சுற்று வேண்டும். 7 சுற்றை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் போக நான் சம்மதிக்க மாட்டேன். நீளமான ஸ்டட் மாற்றினால் இந்தக் குறை தீரும். இன்னொரு குறை இருக்கிறது. ஹப்பின் நடுவில் வெளியே நீண்டிருக்கும் வளையத்தில்தான் வீல் மையமாக உட்கார வேண்டும். அந்த வளையத்தின் பெரும்பகுதியைத் தட்டு விழுங்கிவிடுகிறது. மையம் சற்று விலகினாலும் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும்.

அடுத்தது, தனி ஸ்டட்டுகளோடு வரும் 20 மில்லிமீட்டர் ஸ்பேசர். ஹப் வளையத்துக்கு ஏற்பக் கடைந்ததாக இருந்தால் பிடிப்பில் குறை சொல்ல முடியாது. இடைவெளியும் 23 கிடைக்கிறது. ஆனால் டயர் பழைய இடத்திலிருந்து 39 மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். நான்கு பேரை ஏற்றி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டு விளிம்பில் இடிக்கும். இந்தக் காருக்கு இது வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வழி, அதே 6.5 அங்குலத்தில் ஆஃப்செட் 38 உள்ள வீல். ஆஃப்செட் 7 குறைவதால் சக்கரம் அவ்வளவு வெளியே தள்ளி நிற்கும்; இடைவெளி 10. நட் பழையபடி 11 சுற்று இறங்குகிறது, நடுவில் தட்டு எதுவும் இல்லை.

ஸ்பேசர் வைத்தால் வீல் பேரிங் போய்விடும், ஆஃப்செட் குறைந்த வீல் போட்டால் போகாது என்று பலர் சொல்வது தவறு. 45 ஆஃப்செட் வீலுக்கு 7 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைப்பதும் 38 ஆஃப்செட் வீல் போடுவதும் பேரிங்குக்கு ஒரே சுமைதான். சக்கரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. நட்டின் பிடிப்பும் மையமும்தான் இரண்டையும் பிரிக்கின்றன. அதனால்தான் வீலையே மாற்றச் சொன்னேன்.

கையிலிருந்து கொஞ்சம் பணம் கூடப் போட்டு வீலை மாற்றிக்கொண்டான். புதிய வீலின் நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர், காரின் ஹப் 54.1. இடையில் போடும் வளையத்தையும் மறக்காமல் வாங்கச் சொன்னேன். ஆம்பூர் வரை போய்வந்த பிறகு, வீல் ஆறியதும் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்த்தோம். முன் இடது வீலில் ஒன்று மட்டும் கால் சுற்று இறங்கியது.