நாசிக் மாதிரி ஏற்காட்ல வைனா, இல்ல இருக்கிற காபியேவா?

நாசிக் போயிட்டு வர்றவங்க, நம்ம ஏற்காட்லயும் திராட்சை போட்டு வைன் பண்ணா என்னன்னு கேக்குறாங்க. ஆசை தப்பில்ல. அங்க சூலாங்கிற வைன் கம்பெனி 1999ல ஆரம்பிச்சது, 2001ல மகாராஷ்டிரா அரசு வைனுக்குன்னு தனி பாலிசி கொண்டு வந்துச்சு, அப்புறம் விவசாயிக்கு ஒப்பந்த சாகுபடி, டேஸ்டிங் ரூம், தோட்டத்துக்குள்ளயே தங்குற இடம்னு நிறைய பேர் அதுல பொழைக்கிறாங்க, புவிசார் குறியீடும் இருக்கு.

ஆனா கிளைமேட் பாருங்க. அங்க மழை முடிஞ்சு கவாத்து பண்ணா (கொடியை வெட்டி விட்டா) குளிர்காலம் காய்ஞ்சு கிடக்கும், ஜனவரி மார்ச்சுக்குள்ள அறுவடை. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில அக்டோபர் நவம்பர்லயும் மழை, மூடுபனி வேற, கொடிக்கு பூஞ்சை நோய் விடவே விடாது. கம்பம் திராட்சை இருக்கேன்னா, அது தேனிப்பக்கம். இன்னொன்னு, இங்க மது சில்லறை விற்பனை 2003ல இருந்து டாஸ்மாக் கையில, தோட்டத்துலயே ருசி பார்த்து பாட்டில் வாங்கிட்டுப் போற கதை சுலபமா நடக்காது.

காபி அப்படியில்ல. சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்துல, 1820கள்ல வந்த செடி, அராபிகா வகை, மேல சில்வர் ஓக் நிழல், அதே மரத்துல மிளகு கொடி, ஒரே நிலத்துல ரெண்டு வருமானம். கல்ச்சர்னு பார்த்தாலும் ஃபில்டர் காபி தினசரி, வைன் கிறிஸ்மஸ் கேக்கோட நின்னுடும் (சில வீட்ல ஜாடியில போடுவாங்க, அது தனி கதை).

என் ஓட்டு காபிக்குத்தான். நாசிக்கிட்ட கத்துக்க வேண்டியது ஒண்ணு, பறிக்கிறது வறுக்கிறது குடிக்கிறது எல்லாத்தையும் எஸ்டேட்லயே காட்டி காசு பாக்குறது, இங்க என்னடான்னா கொட்டை மூட்டையா கீழ இறங்குது, டூரிஸ்ட் ஏரிக்கரையில நின்னு இன்ஸ்டன்ட் குடிக்கிறான்.